ஆம்பளை சைக்கிள்

ஒரு சைக்கிள் ஷோரூமில் கேட்ட பேச்சில் வந்த கோபம் இந்த வாரம் முழுக்க ஆறவில்லை. பிரேக் கட்டை மாற்றப் போயிருந்தேன். 200 கிலோமீட்டர் ப்ரெவேக்குப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னதும், அங்கிருந்த இளைஞர் என் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். “இதுலயா மேடம்? ரிஸ்க் எடுக்காதீங்க. கார்பன் ஃப்ரேம்ல ஒண்ணு பாத்துருங்க.” அவர் காட்டிய வண்டியின் விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

ப்ரெவே பந்தயமே இல்லை. பாரிஸின் ஆடாக்ஸ் கிளப் வகுத்த விதிகளின்படி உலகெங்கும் நடக்கும் நெடும்பயணம். இதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்து, வழியில் சொன்ன இடங்களில் அட்டையில் முத்திரை வாங்கிவிட்டால் போதும். சாப்பாடு, ஓய்வு, பங்க்சர் எல்லாம் அந்த நேரத்துக்குள் அடக்கம். ஹெல்மெட்டும் விளக்கும் கேட்பார்கள். கார்பன் ஃப்ரேம் கேட்பதில்லை. கணக்குப் போட்டால் மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வரவில்லை. கேரியரில் கேன் கட்டிய பால்காரரின் வேகம்தான்.

தேவை பழக்கம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் ஐம்பதாவது கிலோமீட்டரில் முட்டி சொல்லிவிடும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாற்றைக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பங்க்சர் ஆனால் ட்யூபை மாற்றும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அப்படித் தடவியபோது அரிசி நொய் அளவு கண்ணாடிச் சில்லு அகப்பட்டது. அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

பயிற்சி பற்றி இன்னும் எழுதலாம். ஆனால் அந்த “இதுலயா மேடம்?” என்னைப் புதுக்கோட்டைக்கு இழுத்துப் போய்விட்டது.

பத்திரிகையாளர் பி. சாய்நாத்தின் ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’ பற்றி இந்தப் பத்தியில் பலமுறை எழுதியிருக்கிறேன். மறுபடியும் எழுதத் தயக்கமில்லை. 1996-ல் வந்த அந்தப் புத்தகத்தில் சைக்கிள் பற்றி ஒரு கட்டுரை உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று நடத்தினார். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள் என்று சாய்நாத் எழுதுகிறார். களையெடுப்பவர்கள், குவாரியில் கல் உடைப்பவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராமச் செவிலியர்கள். தெருவில் ஆண்கள் அடித்த கமெண்டுகளைக் கேட்டுக்கொண்டேதான் பழகினார்கள்.

லேடீஸ் சைக்கிள் போதாமல் போனபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே வாங்கினார்கள். பலருக்கு அதுவே பிடித்தும் இருந்தது. பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! ஆலங்குடிப் பக்கத்து என் சித்தி அப்படித்தான் ஓட்டினார். பாரில் துண்டைச் சுற்றி மகனை உட்காரவைத்து, கேரியரில் பூ மூட்டையைக் கட்டி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விடிவதற்குள் கீரமங்கலம் மார்க்கெட் போய்விடுவார். “பஸ்ஸுக்கு நின்னா பூ வாடிரும்டி, வெல போயிரும்” என்பார். அதுவரை மூட்டையைச் சித்தப்பா கையில் கொடுத்துவிட்டுக் காசு வருமா என்று காத்திருந்தவர். சைக்கிள் வந்தபின் காசைத் தானே எண்ணி வாங்கினார்.

அந்த ஓட்டத்துக்கு முத்திரை அட்டை கிடையாது. பாரமும் பிள்ளையும் எதிர்க்காற்றுமாக அந்தப் பெண்கள் ஓட்டிய தூரத்தை யாரும் அளந்து வைக்கவில்லை. நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் என்று இங்கே யாராவது வரலாறு எழுதினால், கிளப்புகளுக்கு முன்னால் இவர்கள் வர வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

அறிவொளிக் காலத்தில் சைக்கிள் பழகியவர்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயதாவது இருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஓர் அம்மாவோ அத்தையோ இருந்தால், யாருடைய சைக்கிளில் பழகினார்கள், தனியாக முதலில் எந்த ஊருக்குப் போனார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். வருகிற கடிதங்களை இந்தப் பத்தியில் வெளியிடுகிறேன்.