துருவுக்கு இடங்கொடாதீர்

சோமனூரில் விசைத்தறி ஓசை கேட்கும் இல்லங்களின் அடுக்களையில், பாட்டி காலத்து அரிவாள்மணை ஒன்று இன்றும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். கொல்லர் பட்டறையில் அடித்து வாங்கியது அது. விளிம்பு மட்டும் சாணை பிடித்துப் பளபளக்கும். பக்கங்களிலோ சம்மட்டித் தழும்புகள் மேடும் பள்ளமுமாய்க் கறுத்துத் தோன்றும். ஐப்பசி மழை தொடங்கியதும் அத்தழும்புகளில் செந்துரு படர்கின்றது. "பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் கத்தி வாங்கலாமே" என்று இளையவர் கூற, மூத்தவர் முகம் வாடுகின்றது. குறை அரிவாள்மணையில் இல்லை, அன்பர்களே. நாம் அதைப் பேணும் முறையில்தான் உள்ளது.

இரும்பு துருப்பிடிக்க நீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒருங்கே வேண்டும். வழவழப்பான அலகில் உள்ள ஈரம் ஒருமுறை துடைத்தால் போய்விடும். சொரசொரப்பான அலகிலோ, பள்ளத்தின் அடியில் ஈரம் தங்கிவிடும். உப்பும் புளிப்பும் அதனோடு சேர்ந்தால் துரு விரைந்து பரவும். அலுமினியத்தின் மீது படியும் படலம் அதற்குக் காப்பாகும். இரும்பின் துருவோ பொருபொருவென்று உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பையும் அரிப்புக்கு ஆளாக்கும். நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குரோமியம் கலந்த எவர்சில்வரும் இதற்கு முற்றும் விலக்கன்று. அதன் மேற்பரப்பு சொரசொரப்பாயிருந்து உப்பும் அழுக்கும் தங்கினால், அதிலும் துருப்புள்ளி விழும்.

ஆகவே மாங்காயோ எலுமிச்சையோ அரிந்தவுடன் அலகைக் கழுவிவிட வேண்டும். தேங்காய் நாரால், வரிகள் ஓடும் போக்கிலேயே தேய்க்கலாம். பின்னர் உலர்ந்த பருத்தித் துணியைத் தழும்புகளில் அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுத்து, அடுப்பருகே சற்று நேரம் வைத்து உலர்த்த வேண்டும். தீயில் காட்டலாகாது, அலகின் பதம் கெடும். வெதுவெதுப்பு ஆறுமுன் இரண்டு துளி தேங்காய் எண்ணெயைத் தடவி, மிகுந்ததைத் துடைத்துவிடலாம். நெடுநாள் எடுத்து வைப்பதாயின் விளக்கெண்ணெய் நன்று. மரமும் இரும்பும் சேரும் மூட்டில் நீர் தேங்காமல் பார்ப்பது அவசியம். ஈரச் சாக்கிலோ தோலுறையிலோ சுற்றி வைக்க வேண்டாம்.

முன்பே துரு ஏறியிருந்தால், சாம்பலும் நாரும் கொண்டு தேய்க்கலாம். அதற்கும் போகாத துருவின்மேல் புளிக்கரைசலைச் சில நிமிடம் மட்டும் பூசி வைத்து, கழுவி, உலர்த்தி, எண்ணெயிட வேண்டும். உலையில் படிந்த கருமையைச் சுரண்டி எடுத்தல் வேண்டா; அதுவும் ஓரளவு காப்பேயாகும்.

நம் ஊர்ப்பக்கம் ஓடும் நொய்யல், கிழக்கே கொடுமணலைத் தொட்டுச் செல்கின்றது. அங்கே 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வுகளில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இரும்புருக்கு உலைகளின் தடயங்கள் வெளிப்பட்டன. இத்தகைய தொழில்மரபுடைய மண்ணில், கொல்லர் கைப்பட்ட அலகு ஒன்றைக் கவனக்குறைவால் இழப்பது முறையாகுமா? நாள்தோறும் சில நிமிடம் ஒதுக்குவோம். பாட்டியின் அரிவாள்மணை பேத்தியின் அடுக்களைக்கும் பழுதின்றிப் போய்ச் சேரட்டும்.