சிங்கமும் தங்கமும் மட்டுமா தென்னாப்பிரிக்கா?

புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலை முன்னால் நின்று போட்டோ எடுக்காத மாணவர்கள் குறைவு. அவர்களிடம் தென்னாப்பிரிக்கா பற்றிக் கேட்டால் சிங்கம், தங்கம், வைரம், மண்டேலா, கிரிக்கெட் என்று வரிசையாக வரும். தவறில்லை. அங்குள்ள க்ரூகர் வனவிலங்குப் பூங்கா மட்டுமே நம் புதுச்சேரியின் நான்கு பகுதிகளையும் சேர்த்தாலும் அதைப்போல் சுமார் 40 மடங்கு!

ஆனால் அந்த நாட்டில் கரும்பு வெட்டியவர்கள் யார்? 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் இந்தியர்கள் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். தமிழர்கள் ஏராளம். ஒப்பந்தம் முடிந்தும் கூலியாக இல்லாமல் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி. சம்பளமோ மாதம் 10 ஷில்லிங்கில் ஆரம்பம். கணக்குப் போட்டால் ஆறு மாத உழைப்பு வரிக்கே போய்விடும். மனைவிக்கு வேறு தனி வரி!

1913-ல் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய்ப் பேசினார்கள். வேலைநிறுத்தம் வெடித்தது. பெண்கள் சிறைக்குப் போனார்கள். அதே போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் இறந்தாள். வயது 16. அந்த ஆண்டே வரி ஒழிந்தது.

காந்தியைத் தலைவராக்கியதில் இந்தக் கூலிகளின் பங்கு பெரிது. சுற்றுலா அழைத்து வரும் ஆசிரியர்கள் சிலையடியில் இதைப் பத்து நிமிடம் சொல்லலாம். ஐஸ்கிரீம் அப்புறம்.