சிப்பம் கட்டுவோம்... சிந்தித்துக் கட்டுவோம்!



"ரெக்கார்டுல கையெழுத்து விழுந்தா போதும்" என்ற நினைப்பு நம்மில் பலரிடம் இருக்கிறது. அது நமக்கே நட்டம் என்பதுதான் என் கருத்து. ஒரே ஒரு ஜாவா புரோகிராமை வைத்துச் சொல்கிறேன். பல கோப்புகளை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டும் புரோகிராம் அது.

ஜிப் வடிவம் 1989-ல் பில் காட்ஸ் என்ற அமெரிக்கர் தந்தது. அதை எழுதும் 'ஜிப் அவுட்புட் ஸ்ட்ரீம்' கிளாஸ் 1997-ல் ஜாவா 1.1-லேயே வந்துவிட்டது. வேலை என்னவோ உடன்குடி கருப்பட்டியைச் சிப்பம் கட்டுவது போலத்தான். 'புட் நெக்ஸ்ட் என்ட்ரி' உள்ளே வைக்கப்போகும் கோப்பின் பெயரை எழுதும். 'ரைட்' சரக்கைச் சுருக்கி உள்ளே தள்ளும். 'குளோஸ் என்ட்ரி' அந்தக் கோப்பை முடிக்கும். எல்லாம் முடிந்து 'குளோஸ்' சொல்லும்போதுதான், எந்தக் கோப்பு எந்த பைட்டில் தொடங்குகிறது என்ற பட்டியல் கடைசியில் எழுதப்படுகிறது. அந்த ஒரு வரி விட்டுப்போனால்? சரக்கு உள்ளேதான் கிடக்கும். ஆனால் திறக்கிற மென்பொருள் முதலில் தேடுவது கடைசியில் உள்ள பட்டியலை. அது இல்லையென்றால் "கோப்பு கெட்டுப்போச்சு" என்று கையை விரித்துவிடும்!

"ரைட் கிளிக் பண்ணினா ஜிப் ஆகுதே, இதெல்லாம் எதுக்குலே?" என்பார்கள். ரைட் கிளிக் யாருக்கும் வரும். ராத்திரியில் ஆயிரம் பில்லைத் தானாகக் கட்டிவைக்கும் புரோகிராமை எழுதவும், அது திறக்காதபோது காரணம் சொல்லவும் தெரிந்தவருக்குத்தானே சம்பளம்?

என் அப்பா பனையேறி. அம்மா பதநீர் காய்ச்சுகிறார். "ஸ்ட்ரீம்னா என்ன?" என்று வீட்டில் கேட்க ஆளில்லை. என்னைப் போல இங்கே பலர் உண்டு. நமக்கு லேப்தான் கதி.

எங்கள் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும். இங்கிருந்து கடல்மேல் நேராகப் போகலாம். "தம்பிக்கு அங்கேயே வேலை கிடைச்சிரும்" என்கிறார்கள் ஊரில். பக்கத்து வீட்டுக்காரன் என்பதற்காக யாராவது வேலை தருவார்களா? என்ன தெரியும் என்றுதான் கேட்பார்கள்.

ஆகவே ஒரு யோசனை. ரெக்கார்டு கையெழுத்துக்கு முன், ஒவ்வொருவரும் தன் புரோகிராமில் ஒரு வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கட்டும். என்ன ஆச்சு, ஏன் ஆச்சு என்று வகுப்பில் சொல்லட்டும். ஆசிரியப் பெருமக்களும் இதற்கு இடம் தர வேண்டுகிறேன்.

முதலில் அந்த 'குளோஸ்' வரியை எடுத்துத்தான் பாருங்களேன்!