வறுமையின் மேல் பழியா?

1924ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாளிரவு திருவண்ணாமலை இரமணாசிரமத்துள் கள்வர் புகுந்தனர், இரமணரையும் அடித்தனர். திருப்பித் தாக்க எழுந்த அன்பரை அவர் தடுத்துவிட்டார். பொருள் தேடி வந்த கை அது; அதன் பின்னே வறுமை நின்றது என்பார் உளர். இருக்கட்டும்.

2023 ஆகசுட்டு 9ஆம் நாளிரவு நாங்குநேரியில் நிகழ்ந்தது யாது? பதினெட்டு அகவையும் நிரம்பாத சிறுவர், உடன் பயின்ற மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுத்த தங்கையும் வெட்டுண்டாள். அவர்கள் பொருள் கவர வரவில்லை. தமக்கு எதிராகப் பள்ளியில் முறையிட்டான் என்பதே சினம். ஒடுக்கப்பட்டவன் வாய்திறப்பதா என்பதே செருக்கு. வறுமைதான் அரிவாளைத் தருமெனின், எளிய குடும்பத்தில் பிறந்து வெட்டுண்ட அம்மாணவனன்றோ அதை முதலில் ஏந்தியிருக்க வேண்டும்? அவனோ நூலை ஏந்தினான், தேர்விலும் வென்றான்.

எனவே, வன்முறைக்கெல்லாம் வறுமையே கரணியம் என்பது, நேர்மையாய் வாழும் ஏழையரை இழிவுபடுத்துவதாகும். வளர்ப்பே மெய்யான கரணியம். ஆயின் வளர்ப்பென்பது தாய் ஒருத்தியின் கடனா? மணிக்கட்டில் சாதிக்கயிறு கட்டிவிடும் உறவினரும், கண்டும் காணாதிருக்கும் ஆசிரியரும், கைதட்டும் தெருவும் சேர்ந்தே ஒருவனை வளர்க்கின்றனர். உயர்முறைமன்ற முன்னாள் நடுவர் சந்துரு 2024 சூன் திங்களில் அரசிடம் அளித்த அறிக்கை, அக்கயிறுகளையும் பள்ளிப் பெயர்களில் ஒட்டியுள்ள சாதிப் பெயர்களையும் நீக்கச் சொல்கிறது.

அண்ணாமலை அடிவாரத்துத் தமிழரே! அரசு செய்யுமுன் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உங்கள் பிள்ளையின் கையைப் பாருங்கள். கயிறிருப்பின் இன்றே அறுத்தெறியுங்கள்!