குளியலறைக் காவிரி

மல்லேஸ்வரத்தில் நம்மவர் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு காவிரிக்குப் போய்விடும். அதே காவிரி தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தாண்டி, பம்பு வைத்து மேடேற்றப்பட்டு, நம் குளியலறை ஸ்பவுட்டில் சொட்டிக்கொண்டிருக்கிறது. பிளம்பர் வரும்வரை கீழே ஒரு வாளி! 2024 கோடையில் அத்தனை பாடுபட்டோம். அடுக்குமாடிக் குழாய்களில் ஏரேட்டர் பொருத்தும்படி குடிநீர் வாரியம் ஆணையே இட்டது. அதற்குப் பிறகும் இப்படியா?

ஸ்பவுட் மாற்றுவது வீட்டிலேயே முடிகிற வேலை என்பது என் கட்சி. ஆனால் கோளாறு எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். இறுக மூடிய பிறகும் சொட்டினால் குற்றம் ஸ்பவுட்டில் இல்லை, உள்ளே வாஷரிலோ ஸ்பிண்டிலிலோ இருக்கிறது. புது ஸ்பவுட் மாட்டினாலும் சொட்டத்தான் செய்யும். (கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.) குமிழை இழுத்து ஷவருக்குத் திருப்பும் வகையில், ஷவர் ஓடும்போது கீழேயும் ஒழுகினால்தான் ஸ்பவுட்டுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். உப்புப் படிந்திருக்கும், அல்லது ரப்பர் தேய்ந்திருக்கும்.

மொட்டைமாடித் தொட்டியின் வால்வை மூடுங்கள். ஸ்பவுட்டின் அடியில் சிறு திருகு இருந்தால் தளர்த்தி இழுங்கள். இல்லையேல் துணி சுற்றி இடப்புறமாகத் திருப்புங்கள். பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவு வாங்குங்கள். மரை உள்ள வகையானால் டெஃப்லான் டேப்பை வலப்புறமாகச் சுற்றிக் கையாலேயே முடுக்கலாம். பழைய வீடுகளில் இரும்புக் குழாய் துருவேறியிருக்கும். அசையாவிட்டால் பலம் காட்டாதீர்கள். சுவருக்குள் முறிந்தால் டைல்ஸை உடைக்க வேண்டிவரும். அப்போது பிளம்பரைக் கூப்பிடுவதே சரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில், பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.