புதிய மடிக்கணினி எப்போது வரும்? இவ்வாண்டு காத்திருப்பதற்கும் விலை உண்டு

டெல் நிறுவனத்தின் எக்ஸ்பிஎஸ் 13 மடிக்கணினி மீண்டும் வரப்போகிறது. ஆனால் எந்த மாதம் என்பதுதான் தெரியவில்லை. இவ்வாண்டு ஜனவரியில் லாஸ் வேகாசில் நடந்த சிஇஎஸ் 2026 கண்காட்சியில் எக்ஸ்பிஎஸ் 14, எக்ஸ்பிஎஸ் 16 ஆகிய இரண்டையும் டெல் அறிமுகப்படுத்தியது. 13 அங்குல வகை ஆண்டின் பிற்பகுதியில் வரும், விலையும் மற்ற இரண்டைவிடக் குறைவாக இருக்கும் என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டது.

உலகின் மற்ற ஊர்களில் இது வாங்குபவரின் கேள்வி மட்டுமே. பாயான் பாருவில் அப்படியல்ல. பக்கத்திலேயே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை இருக்கிறது. மடிக்கணினிக்குள் போகும் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் தொழிற்சாலைகளும், டெல் நிறுவனமும் அங்கே உள்ளன. அங்கே வேலைக்குப் போகிறவர்களின் வீட்டிலேயே பல்கலைக்கழகத்துக்குத் தயாராகும் பிள்ளையும் இருக்கிறது. ஆகவே, புதிய மாடல் எப்போது வரும் என்ற கேள்வி ஒரே வீட்டில் ஒருவருக்கு ஓவர்டைம் கணக்காகவும் இன்னொருவருக்குப் படிப்புச் செலவாகவும் வருகிறது.

இதுநாள் வரை கடைக்காரர் முதல் உறவினர் வரை எல்லாரும் சொல்லிவந்த யோசனை ஒன்றுதான்: "கொஞ்சம் பொறுங்கள், புதியது வந்தால் பழையதன் விலை இறங்கும்." இவ்வாண்டு அந்த யோசனையை அப்படியே நம்புவதற்கில்லை. காரணத்தைப் புரிந்துகொள்ள, வெளியீட்டு நாளை யார் தீர்மானிக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

நாள் குறிப்பது சில்லு

எக்ஸ்பிஎஸ் 13 முதன்முதலில் 2012ஆம் ஆண்டு வந்தது. டெல்லின் தயாரிப்புகளில் பெயர் பெற்ற ஒன்றாக அது வளர்ந்தது. 2024ஆம் ஆண்டில் மட்டும் மூன்று எக்ஸ்பிஎஸ் 13 வந்தன. ஆண்டுத் தொடக்கத்தில் இன்டெல்லின் மீட்டியர் லேக் சில்லுடன் ஒன்று. ஜூன் மாதம் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் சில்லுடன் இன்னொன்று. செப்டம்பரில் இன்டெல்லின் லூனார் லேக் சில்லுடன் மூன்றாவது.

பிறகு 2025 ஜனவரியில் டெல் அந்தப் பெயரையே கைவிட்டது. டெல், டெல் புரோ, டெல் புரோ மேக்ஸ் என மூன்றே பெயர்களில் எல்லாவற்றையும் அடக்கியது. வாடிக்கையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. சரியாக ஓராண்டு கழித்து எக்ஸ்பிஎஸ் என்ற பெயர் திரும்பி வந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2024இல் மூன்று முறை வந்தபோதும் டெல் தன் விருப்பத்துக்கு நாள் பார்க்கவில்லை. சில்லு தயாரான நாளே மடிக்கணினிக்கும் நாளானது. இப்போது வந்துள்ள எக்ஸ்பிஎஸ் 14, 16 இரண்டும் அதே கதைதான். இன்டெல் தன் பாந்தர் லேக் சில்லை, அதாவது கோர் அல்ட்ரா சீரிஸ் 3 வரிசையை, அதே சிஇஎஸ் கண்காட்சியில் வெளியிட்டது. அரிசோனாவில் உள்ள புதிய ஆலையில் 18ஏ என்ற உற்பத்தி முறையில் இதன் முக்கியப் பகுதி தயாராகிறது.

சில்லு தாமதமானால் மடிக்கணினியும் தாமதமாகும். 2014இல் இன்டெல்லின் பிராட்வெல் சில்லு உற்பத்திச் சிக்கலால் தள்ளிப்போனபோது, அதை நம்பியிருந்த மடிக்கணினிகளும் தள்ளிப்போயின. தன் சில்லைத் தானே வடிவமைக்கும் ஆப்பிளுக்கும் நாள் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை. மேக்புக் புரோ 2021, 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் அக்டோபர் மாதம் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் எம்2 புரோ சில்லுடன் கூடிய வகை 2022 அக்டோபரில் வரும் என்று பலரும் காத்திருக்க, அது 2023 ஜனவரியில்தான் வந்தது.

நிறுவனங்கள் ஏன் நாளைச் சொல்வதில்லை?

இதற்கு 1983ஆம் ஆண்டில் நடந்த ஒரு பழைய கதை உண்டு. ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க நிறுவனம் தூக்கிச் செல்லக்கூடிய கணினியை விற்று நல்ல பெயர் எடுத்திருந்தது. அடுத்த மாடல் வரப்போவது முன்கூட்டியே வெளியே தெரிந்ததும், பழைய மாடலை வாங்குவோர் குறைந்தனர். கடைகளில் சரக்கு தேங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. அந்த வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் சொல்லப்படுவதுண்டு. ஆனாலும் கணினித் தொழிலில் இருப்பவர்கள் அந்தப் பாடத்தை இன்றுவரை மறக்கவில்லை. அடுத்ததைப் பற்றிப் பேசினால் கையில் இருப்பது விற்காது.

அதனால்தான் டெல் போன்ற நிறுவனங்கள் வரும் என்று சொல்லும், நாளைச் சொல்லாது. வெளியில் இருப்பவர்கள் சில்லின் நாள்காட்டியைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் எக்ஸ்பிஎஸ் 13 எப்போது வரக்கூடும்? அமெரிக்காவில் பள்ளி, கல்லூரி திறப்பையொட்டிய ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் மடிக்கணினி விற்பனைக்கு முக்கியக் காலம். அதற்கு முன் கடைக்கு வந்தால் நிறுவனத்துக்கு லாபம். ஆனால் இவ்வாண்டு முதல் காலாண்டில் சில்லு விநியோகம் மிகவும் இறுக்கமாக இருக்கும், இரண்டாம் காலாண்டிலிருந்து நிலைமை சீராகும் என்று இன்டெல் ஜனவரி மாதமே தெரிவித்தது. தரவு மையங்களுக்கான சில்லுகளுக்கே அது முன்னுரிமை தருகிறது. ஆகவே ஆண்டின் நடுப்பகுதி என்பது நம்பிக்கையான ஊகம். ஆண்டு இறுதி என்பது எச்சரிக்கையான ஊகம்.

இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். முதலில் வருவது பெரும்பாலும் விலை கூடிய வகையாகவே இருக்கும். எக்ஸ்பிஎஸ் 14, 16 இரண்டும் அமெரிக்காவில் 2,000 டாலருக்கு மேற்பட்ட விலையில்தான் தொடங்கின. மலிவு வகை பிறகு வரும் என்பதே அப்போதும் சொல்லப்பட்டது. அங்கே விற்பனை தொடங்கிய நாளிலேயே பினாங்குக் கடையிலும் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கும் இல்லை.

நினைவகம் குலைத்த கணக்கு

இவ்வாண்டின் பெரிய மாற்றம் சில்லில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது. ரேம் எனப்படும் நினைவகத்தை உலகுக்குத் தருபவை பெரும்பாலும் மூன்றே நிறுவனங்கள்: தென்கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு வேண்டிய உயர்வேக நினைவகத்துக்கு இப்போது பெரும் கிராக்கி. லாபமும் அதில்தான் அதிகம். மூன்று நிறுவனங்களும் ஆலைகளை அந்தப் பக்கம் திருப்ப, சாதாரணக் கணினிக்கும் கைப்பேசிக்கும் கிடைக்கும் நினைவகம் சுருங்கியது. 2025 பிற்பாதியிலிருந்து விலை ஏறத் தொடங்கியது.

பத்து காவானில் பெரிய ஆலை வைத்திருக்கும் மைக்ரான், குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு நேரடியாக விற்றுவந்த நினைவக வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. கடையில் ரேம் வாங்கித் தாமே பொருத்திக்கொண்டவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானது. பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு அந்த அறிவிப்பே போதும்.

இதனால் பழைய கணக்கு தலைகீழாகிறது. முன்பெல்லாம் புதிய மாடல் வந்ததும் பழைய சரக்கைத் தள்ளிவிடக் கடைகள் விலையைக் குறைக்கும். இப்போது கடையில் இருக்கும் பழைய சரக்கு, நினைவகம் மலிவாக இருந்தபோது செய்யப்பட்டது. அது தீர்ந்தபின் வரும் அதே மாடலே விலை கூடி வரலாம். அல்லது விலை மாறாமல், 16 ஜிபி ரேம் இருந்த இடத்தில் 8 ஜிபி மட்டும் இருக்கலாம். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயர் ஒன்றாகவே இருக்கும். உள்ளே இருப்பது குறைந்திருக்கும்.

இதோடு விண்டோஸ் 10 விவகாரமும் சேர்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நீட்டிப்புக்குப் பதிவு செய்த வீட்டுப் பயனீட்டாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும். பழைய கணினியை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அந்தத் தேதியை ஒட்டி மாற்றத் தொடங்கினால், விலை இறங்குவதற்கு இன்னும் ஒரு தடை கூடும்.

தொழிற்பேட்டைக்கு என்ன பொருள்?

1972ஆம் ஆண்டு, முதலமைச்சர் துன் லிம் சோங் இயூ காலத்தில், பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் அமைத்த முதல் ஆலை அங்கேதான் வந்தது. அரை நூற்றாண்டாகத் தீவிலிருந்தும், செபராங் பிறை, கெடா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தொழிற்சாலை பஸ் ஏறி வந்தவர்களின் குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில் வீடு வாங்கின, பிள்ளைகளைப் படிக்க வைத்தன. உலகின் சில்லுப் பொதிதல், சோதனை வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்பது அரசாங்கம் அடிக்கடி சொல்லும் கணக்கு.

புதிய மாடல்கள் நேரத்துக்கு வந்து நன்றாக விற்றால் ஆலைகளில் வேலை கூடும். விலையேற்றத்தால் மக்கள் வாங்குவதைத் தள்ளிப்போட்டால் முதலில் குறைவது ஓவர்டைம். அதன் பிறகு ஒப்பந்தத் தொழிலாளர்கள் பக்கம் பார்வை திரும்பும். இன்டெல் 2021 டிசம்பரில் பினாங்கில் 3,000 கோடி ரிங்கிட் முதலீட்டை அறிவித்தது. மூவார் நகரில் பிறந்த லிப் பூ டான் 2025 மார்ச்சில் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டில்தான் உலகளவில் தன் பணியாளர் எண்ணிக்கையைச் சுமார் 75,000ஆகக் குறைக்கப்போவதாகவும் இன்டெல் அறிவித்தது. முதலீடு வருவதும் வேலை நிலைப்பதும் ஒன்றல்ல என்பதைத் தொழிற்பேட்டைக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தரவு மைய வேலை வளர்வதால் ஒரு பக்கம் இழப்பது இன்னொரு பக்கம் ஈடாகலாம். ஆனால் அது அதே வரிசையில் நிற்கும் அதே தொழிலாளிக்கே கிடைக்குமா என்பது பயிற்சியைப் பொறுத்தது. மேம்பட்ட பொதிதல் வேலைக்குக் கேட்கப்படும் திறன் வேறு. அந்தப் பயிற்சி வாய்ப்பு வரும்போது பெயர் கொடுப்பதும், வராவிட்டால் கேட்பதும் புதிய மாடலுக்காகக் காத்திருப்பதைவிடப் பயனுள்ளது.

வாங்குவதா, பொறுப்பதா?

கையில் நல்ல கணினி இருப்பவர் பொறுக்கலாம். அவர் இழப்பது ஒன்றுமில்லை. இவ்வாண்டு படிப்பு தொடங்கும் பிள்ளைக்கு வாங்குகிறவர் எக்ஸ்பிஎஸ் 13க்காகவோ வேறு எந்தப் புதிய மாடலுக்காகவோ காத்திருப்பதில் அர்த்தம் குறைவு. அறிக்கை எழுதவும், இணைய வகுப்பில் சேரவும், சாதாரண நிரல் எழுதவும் சென்ற ஆண்டின் நடுத்தர மாடல் தாராளமாகப் போதும்.

வாங்கும்போது மூன்றைக் கேட்டால் போதும். முதலாவது, ரேம் எவ்வளவு? இன்றைய நிலையில் 16 ஜிபி இருந்தால் நான்காண்டுப் படிப்புக்குக் கவலையில்லை. இரண்டாவது, ரேமைப் பிறகு கூட்ட முடியுமா? மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அது பலகையோடு ஒட்டிவிடப்பட்டிருக்கும். வாங்கும் நாளில் உள்ளதே கடைசிவரை. சற்றுத் தடிமனான மாடல்களில் கூடுதல் ரேம் செருக இடம் இருக்கலாம். மூன்றாவது, பழைய கணினி வாங்குவதானால் அது விண்டோஸ் 11 ஏற்குமா? இன்டெல் சில்லு என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளை மலிவாகப் பார்க்கும்போது இதை மறந்தால், மலிவு மலிவாக இருக்காது.

வருமான வரி கட்டும் பெற்றோர் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். தனக்கோ, துணைக்கோ, பிள்ளைக்கோ வாங்கும் கணினி, வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் வரை உள்ள வரி விலக்கில் அடங்கும். புத்தகம், கைப்பேசி, இணையக் கட்டணம் ஆகியவையும் அதே வரம்புக்குள்தான் வருகின்றன. வியாபாரத்துக்கு வாங்கியது கணக்கில் சேராது.

எக்ஸ்பிஎஸ் 13 ஒரு நாள் வரும். நன்றாகவும் இருக்கலாம். அந்த நாளைக் குறிப்பது சில்லு கையிருப்பும் நினைவகத்தின் விலையும்தான். பிள்ளையின் முதல் வகுப்பு நாளுக்கு அப்படிப்பட்ட இழுபறி இல்லை. அழைப்புக் கடிதத்தில் தேதி அச்சிட்டே வரும். வீட்டுக் கணக்கைப் போட வேண்டியது அந்தத் தேதியை வைத்துத்தான்.