பேருந்தில் போன உயிருக்கு என்ன விலை?

1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பெரிய ரயில் விபத்து நிகழும்போதெல்லாம் எதிர்க்கட்சிகள் அவர் பெயரை நினைவூட்டத் தவறுவதில்லை. பேருந்து விபத்துக்கு அப்படி எடுத்துக்காட்ட ஒரு பெயர் இல்லை. மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலில் வருபவை. சட்டம் இயற்றுவது தில்லி. பேருந்தை ஓட்டுவதும் உரிமம் வழங்குவதும் மாநிலம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

2018 செப்டம்பர் 11-ஆம் தேதி தெலங்கானாவின் ஜகித்யால் மாவட்டம், கொண்டகட்டு மலைப்பாதையில் அரசுப் பேருந்து பள்ளத்தில் உருண்டு 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பேருந்தில் சுமார் 100 பேர் ஏற்றப்பட்டிருந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்தவர், பெண்கள் அதிகம். 2021 பிப்ரவரி 16-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் சீதி மாவட்டத்தில் பேருந்து கால்வாயில் மூழ்கி 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேர்வு எழுதப் புறப்பட்ட இளைஞர்கள் அவர்களில் பலர்.

வயல் வேலைக்காரப் பெண்ணும் வேலை தேடும் மாணவனும் வருமானச் சான்று வைத்திருப்பதில்லை. ஆனால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் முதலில் கேட்பது அதைத்தான். ஆண்டு வருமானத்தில் இறந்தவரின் சொந்தச் செலவைக் கழித்து, வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவதே கணக்கு. 26 முதல் 30 வயதுவரை இருந்தவருக்கு 17 என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் நிர்ணயித்தது. ஒரே இருக்கையில் அமர்ந்து, ஒரே நொடியில் இறந்த இருவரின் குடும்பங்களுக்கு ஒன்றுக்கு ஆறு என்ற விகிதத்தில் தொகை கிடைக்கக் கூடும்.

அந்தக் கணக்கை வகுத்த வழக்கே தில்லி போக்குவரத்துக் கழகப் பேருந்து மோதி இறந்த ஓர் அரசு விஞ்ஞானியைப் பற்றியதுதான். விபத்து நடந்தது 1988-இல்; இறுதித் தீர்ப்பு வந்தது 2009-இல். சம்பளச் சான்று இருந்த குடும்பத்துக்கே 21 ஆண்டுகள்!

ரயில்வே இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. ரயில் விபத்தில் பயணி இறந்தால், ஏழையா பணக்காரரா என்று பாராமல் இழப்பீடு 8 லட்சம் ரூபாய். 2017 ஜனவரி முதல் இது நடைமுறை. பேருந்துக்கு அப்படி எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. 2019 திருத்தச் சட்டத்தின்படி, யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே 5 லட்சம் பெறலாம். அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் தொடுத்த மனு காலாவதியாகிவிடும் என்பது அதே சட்டத்தில் உள்ள நிபந்தனை. அடுப்பெரிய வழியில்லாத குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று அதிகாரிகளுக்குத் தெரியாதா? முதலில் ரயிலுக்கு நிகரான தொகை, பிறகு தீர்ப்பாயம் கூடுதலாகத் தந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்க வேண்டும்.

பிரதமர் நிவாரண நிதியிலிருந்து வழக்கமாக அறிவிக்கப்படும் 2 லட்சம், அரசின் கருணையே தவிர உரிமை அன்று.

தீர்ப்பு வந்தாலும் பணம் வந்துவிடுவதில்லை. அரசுப் பேருந்துகளுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்கு அளிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு ஈடாகத் தனி நிதி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த நிதி ஒழுங்காக இருந்தால், இழப்பீடு தராததற்காக நீதிமன்ற ஊழியர்கள் நடு வழியில் அரசுப் பேருந்தை ஜப்தி செய்யும் காட்சியைத் தமிழகம் இத்தனை முறை கண்டிருக்காது. பயணிகளை இறக்கிவிட்டு, பேருந்து நீதிமன்ற வளாகத்துக்குப் போகிறது.

தமிழகத்திலிருந்து மக்களவைக்கு 39 பேர் வருகிறார்கள். கேள்வி நேரத்துக்கு இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுக்கலாம். ரயிலில் 8 லட்சம், பேருந்தில் 5 லட்சம் என்ற வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? தீர்ப்பாகியும் மாநிலவாரியாகப் போக்குவரத்துக் கழகங்கள் வழங்காமல் வைத்திருக்கும் இழப்பீட்டுத் தொகை எவ்வளவு?